மாற்றம்: பூஜ்ஜியம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியிடமிருந்து எடுத்தது. கேட்டுத்தான் எடுத்தாயா என்றால், தலையைச் சொறிவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் இன்னும் தொடங்கவில்லை. போன் அடித்தது. எடுத்ததும் அவள், "பூஜ்ஜியம் வந்துருச்சுங்க," என்றாள். அவள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"நெஜமாவா?"

"மூணு தடவ பாத்துட்டேன். பூஜ்ஜியம்தான். வச்சிர்றேன், மறுபடி பாக்கணும்."

முடிவெட்டுபவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பரீட்சை ரிசல்ட்டா சார்?"

"அந்த மாதிரிதான்."

"பொண்ணுக்கா?"

"மனைவிக்கு."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. "பூஜ்ஜியம் வாங்கினதுக்கா இவ்வளவு சந்தோஷப்படுறாங்க?"

அரைத் தலையோடு அவருக்குப் புரிய வைக்கப் பார்த்தேன். வலது பக்கம் முடிந்துவிட்டது, விளக்கம் முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஆகவே இது ஒரு முடிவெட்டும் கடையில் நான் சரியாகச் சொல்லத் தவறிய பதில்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "சர்வர் என்பதும் ஒரு கணினிதான். ஆனால் அதன் எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மற்ற கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்காகவே அது—" (இத்தோடு விட்டேன். பாடம் படிக்கவா நீங்கள் வந்தீர்கள்?)

இரண்டாவது முயற்சி: "பத்தொன்பது வருடங்களாக அவள் மனிதர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்." (தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தவள், "நான் என்ன பேயா?" என்றாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: "அவளுக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது." (இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.)

அவள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊருக்குள் அதற்குப் பன்னிரண்டு கிளைகள், கிளைக்கு ஒரு சர்வர். யார் வந்தார்கள், என்ன சோதனை, என்ன முடிவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காலை ஏழு மணிக்கு, "உங்கள் ரிப்போர்ட் தயார், நேரில் வரவும்" என்று உரியவர்களுக்கு மெசேஜ் அனுப்புவதும் அதுதான். இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நான்காம் கிளையில் இருக்கும் சிஸ்டம் ரூமில் அவருடைய நாற்காலி காலியானது.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேரே மேனேஜரிடம் போய் அந்த வேலையைக் கேட்டாள். மேனேஜர் லேசில் சிரிக்காத அம்மாள். யோசித்து மூன்று மாதம் கொடுத்தார். மூன்று மாத முடிவில் பதின்மூன்றாவது கிளை திறக்கிறது. அதன் சர்வரை இவள் அமைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் நாற்காலி இவளுக்கு. இல்லையென்றால் எல்லாவற்றையும் வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள், இவள் திரும்ப ஊசிக்கே.

ஊசி மட்டமான வேலை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. குழந்தைகள் அழுவதற்குள் எடுத்து முடித்துவிடும் கை அவளுடையது. ஆனால் அந்த அறையில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு, அந்த நாற்காலி வேண்டும் என்று ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் வேண்டும், துணி மடிக்கும்போதும் வேண்டும். இந்த வயதில் ஒருவர் எதையாவது இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

3

பழைய ஆள் பன்னிரண்டு சர்வர்களையும் கையால் அமைத்திருந்தார். பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். அவள் என் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் இதே வேலை பார்ப்பவன்.

"ஒவ்வொண்ணுலயும் உக்காந்து கையால செஞ்சா நான் எப்பப்பா முடிக்கிறது?"

"கையால எதுக்கு அண்ணி? செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா எழுதுங்க. அதை ஓட்டுனா அதுவே ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் போய் அமைச்சிட்டு வந்துரும்."

"எங்க படிக்கிறது இதெல்லாம்?"

"படிச்சா வராது. பொய் மெஷின் ரெண்டு மூணு உண்டாக்கி, அதுல உடைச்சு உடைச்சுப் பழகுங்க. உடைஞ்சா அழிச்சிட்டு வேற உண்டாக்கிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

(அவனுக்கு இந்தக் கதையில் இவ்வளவுதான் வேலை. ஆனால் அவன் சொன்ன முதல் யோசனையில் ஒரு வார்த்தை பிசகு. அது கொஞ்ச நேரத்தில் வெளியே வரும்.)

ஒரு நிஜக் கணினிக்குள்ளேயே மூன்று பொய்க் கணினிகளை உண்டாக்கினாள். மூத்தவன், நடுவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்தாள். முதல் நாளே மூத்தவனைப் பதினோரு தடவை உடைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, செருப்பைக் கழற்றாமல், "இன்னிக்கு நடுவன் அவுட்," என்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டுவிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்ததும் நடந்தது.

ஃபைலை ஓட்டும்போது வேலைக்கு ஒரு வரியாகத் திரையில் வரும். ஏதாவது மாற்றியிருந்தால் மஞ்சள். செய்ய முடியாமல் போனால் சிவப்பு. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்றால் பச்சை. அந்த நாட்களில் அவளுக்கு மஞ்சள்தான் உயிர். "மஞ்சள் வந்தாத்தாங்க ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம்," என்பாள். பச்சையைக் கண்டுகொள்ளவே மாட்டாள்.

கடைக்குட்டியை மட்டும் அவள் வேறு விதமாக உண்டாக்கியிருந்தாள். நிஜம் மாதிரி இருக்கட்டுமே என்று, நான்காம் கிளை சர்வரில் போன மாதம் ஒரு நாள் இருந்த தகவல்களை, ஆட்களின் போன் நம்பரோடு அப்படியே நகலெடுத்து அதில் ஏற்றியிருந்தாள்.

இந்த வாக்கியத்தைப் படித்ததும் என் தம்பி நெற்றியில் அடித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும்.

4

இருபத்தேழு வேலைகளை வரிசையாக எழுதியிருந்தாள். மூன்றாவது வேலை இது: எந்த மணிக்கு எதைச் செய்ய வேண்டும் என்று சர்வர் பார்த்துக்கொள்ளும் அட்டவணை ஃபைலின் அடியில், காலை ஏழு மணிக்கு மெசேஜ் அனுப்பு என்ற வரியைச் சேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். ஃபைல் எட்டாவது வேலையில் மாட்டிக்கொண்டு சிவப்பு காட்டியது. திருத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடி சிவப்பு. திருத்தினாள், ஓட்டினாள். ஒன்பதாவது தடவை இருபத்தேழும் நல்லபடியாக முடிந்தன. ஐந்து மணிக்குக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கடைக்குட்டியை அணைக்கவில்லை.

எட்டாவது வேலைதான் தோற்றுக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒவ்வொரு தடவையும் ஜெயித்துக்கொண்டிருந்தது. சேர் என்றால் சேர்த்தது. மறுபடி சேர் என்றால் மறுபடி சேர்த்தது. மாடு மாதிரி உழைக்கும் இயந்திரம், ஏன் என்று கேட்காது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, போன மாதம் அந்த நாளில் நான்காம் கிளையில் ரத்தம் கொடுத்து, நலமாக இருக்கிறார்கள் என்று ரிப்போர்ட்டும் வாங்கிப் போய்விட்ட ஆறு பேருக்கு, "உங்கள் ரிப்போர்ட் தயார், நேரில் வரவும்" என்ற மெசேஜ் ஒன்பது தடவை போனது.

ஐந்து பேர் அழித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஆறாவது ஆள் கிளம்பி வந்துவிட்டார்.

5

இந்த ஆறாவது ஆள் விஷயத்தில் நான் ஒரு தில்லுமுல்லு செய்தேன். அதை அப்படியே காட்டுகிறேன்.

"அவர் ஒரு தையல்காரர். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'ஏம்மா, பட்டன் இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னாத்தானே தைப்போம்? இருக்கிற பட்டன் மேலயே ஒன்பது பட்டனா தைப்பாங்க?' என்றார். அவளுக்கு மண்டைக்குள் பளிச்சென்று—"

நன்றாக வந்திருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அவள் வாசித்தாள்.

"இது யாரு?"

"வந்தாரே, அவர்தான்."

"அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவருங்க."

"கதைக்காகத் தையல்காரரா மாத்தினேன்."

"பட்டன் பத்தி அவர் எப்போ சொன்னாரு?"

"சொல்லல. சொன்னா எடுப்பா இருக்கும்ல."

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம நான் உக்காந்து கண்டுபிடிச்சத, எதுக்குத் தூக்கி அந்த மனுஷன் வாயில வைக்கிறீங்க?"

(எத்தனையோ பேர் என் கதைகளைக் கிழித்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாகக் கிழித்தவர் இல்லை.)

ஆகவே தையல்காரரை அனுப்பிவிட்டேன். நடந்தது இது.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் காலை எட்டரைக்கு வந்தார். தேய்த்த சட்டை, கூடவே மனைவி. மனைவியின் கையில் ஒரு பை. அதில் மாற்றுத்துணி, துண்டு, சீப்பு, ஒரு டம்ளர். ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்வார்கள் என்று தயாராகவே வந்துவிட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவி வெளியே வந்து அவர் போனை வாங்கிப் பார்த்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது.

"ஒன்பது தடவ கூப்பிட்டிருக்கீங்களேம்மா. பெரிசா ஏதாச்சும் இருந்தாத்தானே இப்படிக் கூப்பிடுவாங்க?"

கணினிக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உலகமே அப்படித்தான் சொல்லித் தப்பிக்கிறது. அவள், "கோளாறு மெஷின்ல இல்லீங்கய்யா. நான் எழுதினதுல தப்பு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

அவர் நம்பவில்லை. "ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒன்பது தடவ பயமுறுத்துனீங்கல்ல? ஒன்பது தடவ சொல்லுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் விரலை நீட்டி எண்ணத் தயாராக இருந்தார். வரவேற்பறையில் பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அங்கேயே நின்று, "ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க," என்று ஒன்பது தடவை சொன்னாள். ஐந்தாவதில் அவர் மனைவி சிரித்துவிட்டாள். ஒன்பதாவதில் அவருக்கு முகம் தெளிந்தது. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"சனிக்கிழமை பத்து மணி," என்றார். "புதுக் கிளையில, புது மெஷின்ல, என் முன்னாடி ஓட்டுங்க. ஒரு வரி ரெண்டா வந்தாலும் வெளி ஆளைக் கூப்பிட்டுருவேன்."

6

இனி அவள் கண்டுபிடித்ததை, அவள் வாயிலேயே வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்குட்டியின் அட்டவணை ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே வரி ஒன்பது தடவை. அப்போது அவளுக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவியை நம்புவதற்கு முன்னால், ஒரே ரத்தத்தை அதில் இரண்டு தடவை ஓட்டுவார்கள். இரண்டு தடவையும் ஒரே முடிவு வந்தால்தான் அந்தக் கருவிக்கு மரியாதை.

"என் ஃபைலை நான் ஒரு நாளும் அப்படிச் சோதிச்சதே இல்லீங்க. உடைஞ்ச மெஷின்லயே ஓட்டிட்டு இருந்தேன். எல்லாம் சரியா இருக்கிற மெஷின்ல மறுபடி ஓட்டுனா அது என்ன பண்ணும்னு நான் கேக்கவே இல்ல."

சரியாக இருக்கும் கணினியில் அது ஒன்றுமே பண்ணக்கூடாது. அதுதான் விடை. என் தம்பி, செய்ய வேண்டியதை எழுதுங்கள் என்றான் அல்லவா? அங்கேதான் பிசகு. எழுத வேண்டியது செயல் அல்ல, நிலை. 'வரியைச் சேர்' என்றல்ல, 'இந்த வரி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்' என்று. இருந்தால் சும்மா இரு. இல்லையென்றால் மட்டும் சேர்.

இருபத்தேழு வேலைகளையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். மெசேஜ் அனுப்பும் வரியைக் கடைசிக்குத் தள்ளினாள், மற்றதெல்லாம் சரியான பிறகுதான் அதற்கு வாய் திறக்க உரிமை. எழுதி எழுதி இரண்டு தடவை ஓட்டினாள். முதல் தடவை மஞ்சளாக வர வேண்டும், இரண்டாவது தடவை முழுக்கப் பச்சையாக, அடியில் 'மாற்றம்: பூஜ்ஜியம்' என்று. புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது ஓட்டத்தில் ஐந்து மஞ்சள் மிச்சம். வியாழக்கிழமை காலை ஒன்று.

அந்த ஒன்று அசையவே இல்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் மஞ்சள். மத்தியானம்தான் பிடிபட்டது. ஒரு அமைப்பு ஃபைலின் தலையில், அது எழுதப்பட்ட தேதியும் மணியும் நிமிடமும் வரும்படி அவளே வைத்திருந்தாள். பரிசோதனைக் கூடத்துப் பழக்கம். நேரம் எழுதாத ரத்தக் குழாயைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது வருடம் ஒட்டிய சீட்டை இங்கேயும் ஒட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நிமிடம் மாறியது, நிமிடம் மாறியதால் ஃபைல் மாறியது.

அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்கு மனசே வரவில்லையாம். சீட்டில்லாத குழாயைக் கையில் பிடித்த மாதிரி இருந்ததாம். அழித்தாள். ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

அப்புறம்தான் எனக்குப் போன்.

(இந்த முறையில் கதையும் எழுத முடியுமா என்று ஆசை வந்தது. 'ஒரு பெண் இருக்க வேண்டும். ஒரு நாற்காலி இருக்க வேண்டும். பெண் நாற்காலியில் இருக்க வேண்டும்.' மூன்று வரியில் கதை தீர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை வாசித்தாலும் எதுவும் மாறாதது கணினிக்கு நல்லது, கதைக்கு நல்லதா என்று அவளோடு வாதாடினேன். "அதை உங்க வாசகர்களையே கேளுங்க, எனக்குச் சனிக்கிழமை வேலை இருக்கு," என்றாள்.)

7

சனிக்கிழமை நான் அங்கே இல்லை. அவள் என்னிடம் நான்கு தடவை சொன்னாள். நான்கும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

புதுக் கிளை. சுவரில் பெயின்ட் வாசனை. நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. மூலையில் திறக்காத கையுறைப் பெட்டிகள். மேனேஜர் பின்னால் நின்றார். அவள் ஃபைலை ஓட்டினாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று இருபத்தேழும் இறங்கின. ஒரு சிவப்பு இல்லை. முழுசாக இரண்டு நிமிடம் ஆகவில்லை.

மேனேஜர் அட்டவணை ஃபைலைத் திறக்கச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்தார். "ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"ஆமா மேடம்."

"அப்போ சரி. அந்த ரூம் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை ஆர்டர் போட்டுர்றேன்." அன்று அவர் சிரித்தும்விட்டார். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

இங்கே முடித்தால் கதை சுபம். நான் இங்கேதான் முடித்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது இதோடு நிற்கவில்லை.

"இருங்க மேடம். இன்னொரு தடவ ஓட்டணும்."

"எதுக்கு? அதான் வந்துருச்சே."

"முதல் தடவ வர்றது பெரிசில்ல மேடம்."

"இது பொய் மெஷின் இல்ல. இதுல இதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவ ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ரெண்டாச்சுன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

"தெரியும் மேடம்."

யாரும் கேட்கவில்லை. நாற்காலி கைக்கு வந்தாகிவிட்டது. அவள் விசையை அழுத்தினாள்.

பச்சை. பச்சை. மேனேஜர் போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பத்து பச்சை. பதினெட்டு. இருபத்தாறு. இருபத்தேழாவது, அந்த மெசேஜ் வரிக்கு முன்னால் திரை கொஞ்சம் நின்றது.

8

முடிவு, முதல் முயற்சி: "பச்சை. மேனேஜர் அவள் தோளைத் தட்டி—" (அந்த அம்மாள் யார் தோளையும் தட்டுகிறவர் இல்லை.)

முடிவு, இரண்டாவது முயற்சி: "மஞ்சள். மேனேஜர் மெதுவாக எழுந்து—" (இதை எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.)

அவளிடமே கேட்டேன். "ஏன் ஓட்டின? நாற்காலி போயிடும்னு தோணலயா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "உண்மையச் சொல்லட்டா? ஓட்டும்போது எனக்கு நாற்காலி ஞாபகமே வரல. என்ன வருதுன்னு பாக்கணும். அது மட்டும்தான் இருந்துச்சு."

இதைக் கேட்ட பிறகு அந்த வரிக்கு நிறம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. எனக்கு நிறம் தெரியும், சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக அவள் எதற்கு ஆசைப்பட்டாளோ அதையே மறந்துவிட்டு ஒரு நொடி உட்கார்ந்திருக்கிறாள். அந்த நொடியைத் தாண்டி எழுதினால் அதைக் கெடுத்தவன் ஆவேன்.

பச்சை வேண்டுமென்றால் பச்சை வையுங்கள். மஞ்சள் வைக்கிறவர்கள், மேனேஜர் என்ன சொல்வார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான், நான் உதவிக்கு வர மாட்டேன். இப்போது இருபத்தேழாவது வரி வந்துகொண்டிருக்கிறது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். பக்கத்தில் இடம் இருக்கிறது, கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள்.